அவன்கூட யாரு இருப்பா

எங்கள் தெருவிலிருந்து பிள்ளைத்தாய்ச்சி யாராவது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், வண்டி நகர்வதற்கு முன்னால் ஒரு கை ஜன்னல் வழியாக உள்ளே நீளும். அந்தக் கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருக்கும்.

"இது குடிக்கிறதுக்கு இல்ல. குடிக்கிறதுக்கு வேற எடுத்துக்கங்க. இத மூடி தெறக்காம மடியிலயே வச்சிருங்க."

வாங்கிக்கொள்ளாமல் வண்டி நகர முடியாது. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தங்கச்சிமடம் பக்கத்து ஆட்டோக்காரர்களுக்கும் வேன்காரர்களுக்கும் இது பழகிப்போயிருந்தது. "சித்தி தண்ணி குடுத்தாச்சா, வண்டிய எடுக்கலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் கியர் போடுவார்கள்.

சொந்தச் சித்தி இல்லை. எங்கள் பக்கத்து வீடு. தெரு முழுக்க அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டது. அவள் கணவர் எல்லோருக்கும் சித்தப்பா. சிறுவள்ளத்தில் கரையோரமாக மீன்பிடிக்கப் போய்வருகிறவர், அதிகம் பேசாதவர். சித்தி கடல்பாசி எடுக்கப் போவாள். கழுத்தளவுத் தண்ணீரில் காலையெல்லாம் கிடந்துவிட்டு வருகிறவள், கரையேறியதும் பையைத் திறந்து பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பாள். சந்தைக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும், வேளாங்கண்ணிக்குப் போனாலும் பையில் அந்தப் பாட்டில் உண்டு. பையன்கள் நாங்கள் அவள் வருவதைக் கண்டால், "ஏலே ஒதுங்கு, தண்ணி லாரி வருது" என்போம்.

"வாங்கலே" என்பாள் சித்தி. "ஒங்களுக்கு ஒரு தடவ ஊத்துனது பத்தல. இன்னொரு தடவ ஊத்துறேன்."

எங்கள் சபையைச் சேராதவர்களுக்கு இது விளங்காது என்பதால் சொல்லிவிடுகிறேன். பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் சென்மப் பாவத்தோடு பிறக்கிறது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தை செய்தது அல்ல. ஆதித்தாயும் தந்தையும் செய்தது. அது ஞானஸ்நானத்தில்தான் கழுவப்படும். குழந்தை சாகக் கிடக்கிறது, சாமியார் வரும்வரை தாங்காது என்றால், யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்துவிடலாம். இது எங்கள் ஊரில் மீன் விற்கிற பெண்களுக்கும் தெரியும். தண்ணீர் தண்ணீராக இருக்கவேண்டும் என்பதுதான் விதி. கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கடல் தண்ணீர் எதுவும் ஆகும்.

நான் பிறந்தபோது அய்யா கடலில் இருந்தார். அவர் வந்த பிறகு, மாதா திருவிழாவோடு சேர்த்து ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவுக்கு ஆசை. சித்தி விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என்னைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு நடந்துவிட்டாளாம். பின்னாலேயே அம்மா பச்சை உடம்போடு ஓடியிருக்கிறாள். ஞானத்தகப்பனாக நிற்க ஓர் ஆண் வேண்டுமே. ஆண்களெல்லாம் கடலில். மீன் கம்பெனிக்கு ஐஸ் இறக்க வந்திருந்த தூத்துக்குடி லாரி டிரைவரைச் சித்தி வழிமறித்து, "நீங்க வேதக்காரருதான?" என்று கேட்டிருக்கிறாள். ஆமாம், கிறிஸ்தவன்தான் என்றிருக்கிறார். "அப்ப எறங்குங்க."

ஐஸ் உருகிக்கொண்டிருக்க, ஈரச் சாக்கு வாசத்தோடு அந்த மனிதர் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சாத்தானை விட்டுவிடுவதாக என் சார்பில் வாக்குக் கொடுத்தார். பிறகு லாரியில் ஏறிப் போய்விட்டார். என் ஞானத்தகப்பனை நான் இதுவரை பார்த்ததில்லை. அம்மா இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள். சித்தி சிரிக்கவே மாட்டாள். "திட்டிக்க. ஒன் புள்ள சபைக் கணக்குக்குள்ள வந்துட்டான்ல" என்பாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அய்யாவுக்குக் கையெழுத்து வராது. அதனால் தெருவில் யாருக்கு எது புரியாவிட்டாலும் என்னிடம் வந்துவிடும்: கரண்ட் பில், மாத்திரைச் சீட்டு, படகு மானியம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் நான்தான் எடுத்தேன். தோட்டம், மரம், பாம்பு எல்லாம் சார்ட்டில் வரைந்து வைத்திருந்தேன். சென்மப் பாவத்தைப் பற்றி நன்றாகவே நடத்துவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அந்த நினைப்பு ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய்விட்டது. என் அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். சித்தியும் கூட வந்திருந்தாள், பாட்டிலோடு. பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் திருப்புல்லாணிப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர், துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விவசாயி. நெற்றியில் திருநீறு. குழந்தைக்கு மூச்சு சரியில்லை, மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தார். குழந்தையின் மூச்சு எங்களுக்கே கேட்டது.

சித்தி மெதுவாக அவர் பக்கம் நகர்ந்தாள். பாட்டிலின் மூடியைத் திருகுவதை நான் பார்த்தேன். என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் அவர் சித்தியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். முரட்டுப்பிடி இல்லை. நிறுத்துகிற பிடி.

"என்னம்மா செய்யப்போறீக?"

சித்தி பொய் சொல்லத் தெரியாதவள். "புள்ள தலையில கொஞ்சம் தண்ணி ஊத்துறேன்யா. ஒரு வார்த்த சொல்லணும். அம்புட்டுத்தான்."

"எதுக்கு?"

"பாவம் போறதுக்கு."

அவர் குனிந்து குழந்தையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் உண்மையிலேயே யோசித்தார்.

"இது என்ன பாவம் பண்ணுச்சு? இன்னும் கண்ணே முழுசாத் தெறக்கல."

"இது பண்ணலைய்யா. மொதமொதல்ல உண்டான ரெண்டு பேரு பண்ணுனது. அது எல்லாருக்கும் வருது."

"அவுக பண்ணுனதுக்கு இவனப் போயி ஏம்மா புடிக்கிறீக?"

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தம்பி, நீ சொல்லு. நீதான படிச்சவன்."

நான் வாயைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை சொல்கிற வாக்கியங்கள் எல்லாம் நினைவில் இருந்தன. அந்த மடியையும் அந்த மூச்சையும் பார்த்துக்கொண்டு அவற்றில் ஒன்றைக்கூட எடுத்து அவர் முன்னால் வைக்க முடியவில்லை.

அவர் சித்தியிடம் கேட்டார். "ஒங்க புள்ளைக்கு ஊத்துனீகளா?"

தெருவில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் சித்தியிடம் கேட்காத கேள்வி அது. முன்பின் தெரியாதவர் என்பதாலோ என்னவோ, சித்தி சொன்னாள்.

"ஆம்பளப் புள்ளய்யா. பொறந்து மறுநாளு இதே மாதிரித்தான் மூச்சு. வேன் புடிச்சு இங்கனதான் கொண்டு வந்தோம். பாம்பன் பாலத்துல ஏறி நடுவுல வந்ததும் வண்டி நின்னுபோச்சு. முன்னால டூரிஸ்ட் பஸ்ஸும் லாரியும் மோதிக் கெடக்கு. பின்னாடியும் போக முடியல. எங்க வீட்டுக்காரரு டிரைவரக் கூட்டிக்கிட்டு பஸ்ஸத் தள்ள ஓடிட்டாரு. நானும் புள்ளயும்தான். புள்ள நீலமா ஆகுது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தண்ணிக்குத் தேடுறேன். வண்டியில ஒரு சொட்டு இல்ல. கத்துறேன். பாலத்துக் காத்துல யாருக்குக் கேக்கும்? ரெண்டு பக்கமும் கடலுய்யா. எட்டிப் பாத்தா கீழ கெடக்கு அம்புட்டுத் தண்ணி. எடுக்க முடியாது."

"அப்பறம்?"

"எனக்குக் குடிக்க வீட்டுக்காரரு ஒரு எளநி வாங்கி வச்சிருந்தாரு. அத ஊத்துனேன். பேரு சொல்லி, எல்லாம் சொல்லித்தான் ஊத்துனேன். அப்பறம் போயிட்டான்."

"சரி. ஊத்திட்டீகல்ல."

"எளநி ஆகாதுன்னுட்டாக."

அவருக்கு அது விளங்கவில்லை. "எளநி ஆகாதா? எங்க ஊருல சாமிக்கே அதத்தானம்மா ஊத்துறோம். சாமி குளிக்கிறது ஒரு பச்சப் புள்ளைக்கு ஆகாதா?"

சித்தி சிரித்தாள். சிரிப்பு நிற்பதற்குள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. மூடியைத் திருகி மூடிவிட்டு, பாட்டிலை அவரிடமே நீட்டினாள். "வழியில நாக்கு நனைக்க ஆகும். கொண்டு போங்க." அவர் வாங்கிக்கொண்டார். அந்தக் குழந்தை என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் சித்தி பாட்டில் இல்லாத பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். உச்சிப்புளி தாண்டியதும் சொன்னாள்: "அந்த மனுசனுக்குத் தோணுனது நம்ம உபதேசியாருக்குத் தோணலையே தம்பி."

அந்த உபதேசியார் கெட்டவர் இல்லை. சாமியார் ஊரில் இல்லாதபோது ஜெபம் சொல்கிறவர், அடக்கத்துக்கு முன்னால் நடக்கிறவர். அன்று குழந்தையைக் கொண்டுவந்து கிடத்தியதும் அவரும் அழுதிருக்கிறார். "ஞானஸ்நானம் குடுத்தியாம்மா?" "குடுத்தேன்." "தண்ணிதான ஊத்துன?" அங்கே ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். வேனில் வேறு யாரும் இல்லை. சித்தி "எளநி" என்றாள். உபதேசியாரால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி குழந்தையைக் கல்லறைச் சுவருக்கு வெளியே, உடைமரங்கள் பக்கம் அடக்கம் செய்தார்கள். ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகள் போகிற இடம் ஒன்று இருக்கிறது என்றும், அங்கே நெருப்பும் கிடையாது, ஆண்டவரின் முகமும் கிடையாது என்றும் பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு சித்திக்குப் பிள்ளை இல்லை.

"தண்ணின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல சித்தி" என்று ஒருமுறை கேட்டேன்.

"பொய் சொல்லி செவுத்துக்கு உள்ள படுக்க வச்சிரலாம் தம்பி. அங்கிட்டு எப்பிடி உள்ள விடுவாக?"

நான் கல்லூரி முடிக்கிற சமயத்தில் எங்கள் பங்குக்கு ஓர் இளம் சாமியார் வந்தார். கடலில்லாத மேட்டு ஊர்க்காரர், நன்றாகப் படித்தவர், பையன்களோடு வாலிபால் ஆடுவார். சித்தியின் கதையைக் கேட்டதும் துடித்துப்போய்விட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனார்.

"அம்மா, திருச்சபை இப்ப அப்படிச் சொல்றதில்ல. கடவுள் தண்ணிக்குக் கட்டுப்பட்டவர் இல்ல. நீங்க ஆசைப்பட்டீங்க, ஊத்துனீங்க. அவருக்கு அது போதும்."

சித்தி பாசியை உதறிக்கொண்டே கேட்டாள். "தண்ணி இல்லாமலும் குடுப்பாரா சாமி?"

"குடுப்பாரும்மா. அருள்ங்கிறது இலவசம். நாம சம்பாதிச்சு வாங்குறது இல்ல."

"அப்ப எல்லாப் புள்ளைக்கும் எதுக்கு ஊத்துறீக?"

சாமியார் விளக்கினார். அடையாளம் என்றார், சபையில் சேர்ப்பது என்றார், கதவு என்றார். சித்தி பொறுமையாகக் கேட்டாள். பாசியில் ஒட்டியிருந்த ஒரு நண்டுக் குஞ்சை எடுத்து வெளியே விட்டாள்.

"எலவசம்னா சரி. ரேசன்ல அரிசி எலவசந்தான் சாமி. ஆனா கார்டுல பேரு இருந்தாத்தான் போடுவான். இவன் பேரு எங்கயுமே இல்லையே."

"கடவுள் ரேஷன் கடைக்காரர் இல்லம்மா."

"அது எனக்கும் தெரியும் சாமி."

"நாம அவனக் கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம்."

"ஒப்படைச்சாச்சு. அன்னைக்கே ஒப்படைச்சிட்டேன். அவரு வாங்கிக்கிட்டாரா?"

சாமியார் எழுந்துகொண்டார். வெளியே வந்தபோது, "என்னடா இந்த அம்மா" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டார்.

சொல்லால் முடியாததை அவர் சுவரால் செய்து பார்த்தார். கல்லறையின் மேற்குச் சுவரை இடித்து, உடைமரங்கள் இருந்த இடத்தையும் உள்ளே சேர்த்துப் புதுச்சுவர் எழுப்பினார். ஊரே வேலை செய்தது. நானும் கல் சுமந்தேன். கல்லறைத் திருநாளன்று அந்த மண்ணை மந்திரித்து, பெயரில்லாமல் கிடந்த குழந்தைகளுக்காக ஜெபம் சொன்னார். சித்தியைப் போலவே இன்னும் சில பெண்கள் அங்கே இருந்தார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு கிழவி மண்ணில் விழுந்து அழுதாள். எல்லோரும் சித்தியைப் பார்த்தோம். அவள் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, காற்றுக்கு முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் பக்கத்தில் வந்து நின்றார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று சித்திக்குத் தெரிந்தது. மனிதர் இத்தனை பாடுபட்டிருக்கிறார், அவரை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

"ரொம்ப நல்லது சாமி. இனிமே ஆடு மேயாது."

நான் பரமக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, வாரக் கடைசியில் மட்டும் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் ஒன்றைக் கவனித்தேன். சித்தி தினமும் பூசைக்கு வருவாள். நன்மை என்று நாங்கள் சொல்லும் நற்கருணை அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது அவளும் எழுந்து வருவாள். பாதி தூரம் வந்ததும் தூணோரமாக ஒதுங்கி முழங்கால் போட்டுவிடுவாள். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. அடுத்தடுத்த வாரங்களிலும் பார்த்தேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்துக்கும் அவள் போவதில்லை.

கடற்கரையில் பாசி காயவைத்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"பாத்துட்டியா" என்றாள். "சித்தப்பாகிட்டச் சொல்லிராத."

"ஏன் சித்தி? என்ன பாவம் செஞ்சீக?"

"ஒண்ணும் செய்யல. அதுதான் பயமா இருக்கு." பாசியைத் திருப்பிப் போட்டாள். "பாவசங்கீர்த்தனம் பண்ணி, நன்மை வாங்கி, அப்பிடியே செத்தேன்னு வையி. நேரா மோட்சத்துக்குக் கொண்டுபோயிருவாக. அவன்கூட யாரு இருப்பா?"

மறைக்கல்வி வாத்தியார்தானே நான். "சித்தி, நீங்க வேணும்னே நன்மைய ஒதுக்குனா அது பாவம். அந்தப் பாவத்தோட போனா நரகம். பிள்ளைங்க இருக்குற எடம்னு பழைய ஆளுக சொன்னது வேற எடம். அங்கயும் போக முடியாது."

"பக்கத்துலதான?"

"என்னது?"

"ரெண்டு எடமும் பக்கத்துலதான்னு அந்தக் காலத்துல சொல்லுவாக. சத்தம் கேக்கும்ல. இங்கன இருந்து கூப்புட்டா அங்கன கேக்கும்ல."

நான் கோபப்பட்டேன். அப்படி ஓர் இடமே இல்லை என்றேன். புத்தகத்தில் படித்ததையெல்லாம் சொன்னேன். நம்பிக்கை வைக்கலாம் என்று சபையே சொல்கிறது என்றேன்.

"நீ நம்புறியா தம்பி?"

"நம்புறேன் சித்தி."

"நானும் நம்புறேன். சாமியாரும் நம்புறாரு. ஒருத்தருக்கும் தெரியல." ஈரப்பாசியின் மேல் சாக்கை இழுத்துப் போட்டாள். "அவன் மோட்சத்துல இருந்தா, நான் அங்க போகலைன்னாலும் அவனுக்கு ஒண்ணும் கொறையில்ல. மாதா பாத்துக்கிருவாக. அவன் அங்க இல்லாம இருந்து, நான் மட்டும் போயி உக்காந்துக்கிட்டா? எது கஷ்டம்னு நீயே பாரு. படிச்சவன்தான."

எத்தனையோ இரவுகள் அதற்குப் பதில் தேடியிருக்கிறேன். அவளுக்கு நரகம் என்று எந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது என்று தோன்றும். அதையே அவளிடம் சொன்னால், தன் திட்டம் பலிக்காது என்று பயந்துவிடுவாள் என்றும் தோன்றும்.

அடுத்த மழைக்காலத்தில் சித்திக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. காலை இழுத்து இழுத்து நடந்தாள். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பாசி எடுக்கப் போக முடியாது. பிள்ளைத்தாய்ச்சி வண்டி கிளம்பும்போது மட்டும் இடது கையில் பாட்டிலோடு எப்படியோ வந்து சேர்ந்துவிடுவாள். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இன்னொரு தடவ வந்தா நெனப்பு இருக்காதாம், டாக்டரு சொல்லிட்டாரு. நெனப்பில்லாமக் கெடக்கும்போது சித்தப்பா சாமியாரக் கூட்டியாந்து அவஸ்தை எண்ணெ பூசச் சொல்லுவாரு. பூசுனா எல்லாப் பாவமும் போயிரும். நீ சாமிகிட்டச் சொல்லிரு. நான் வேணாம்னு நல்ல நெனப்போட சொன்னேன்னு சொல்லு. வேற யாரு சொன்னாலும் அவரு கேக்க மாட்டாரு."

சரி என்றேன்.

ஓர் ஆனி மாதத்து மத்தியானம். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் என்று அம்மா போன் செய்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது சித்தியைக் கூடத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். தென்காற்று மணலை வாரிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. சித்திக்குக் கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு அப்போதுதான் உள்ளே வந்தார். சித்தப்பா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, ஒரு நிமிசம்" என்றேன். சித்தி சொன்னதை, அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். சாமியார் சிமிழை மூடினார்.

"தெளிவா மறுத்தவங்களுக்கு நான் பூசக்கூடாது" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சித்தப்பாவுக்கும் கேட்டுவிட்டது. அவர் அத்தனை பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"அவ தூணுகிட்ட ஒதுங்குறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா தம்பி? நான் ஆம்பளைக பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருப்பேன். கேட்டா அழுவான்னு கேக்கல." சாமியார் பக்கம் திரும்பினார். "சாமி, அவ புள்ளகிட்டப் போகணுங்குறா. போகட்டும். நான் எங்கிட்டுப் போறது? நான் வாரவாரம் நன்மை வாங்குறவன். நான் செத்தா அங்கிட்டு அனுப்பிருவீக. புள்ளையும் இல்ல, இவளும் இல்ல. நான் மட்டும் அங்க ஒக்காந்து என்ன செய்ய? பூசுங்க சாமி. அவ வைதா நான் வாங்கிக்கிறேன்."

நான் ஏதாவது சொல்வேன் என்று சாமியார் என்னைப் பார்த்தார். சொல்லவேண்டியதை நான் சொல்லிவிட்டேன். அவர் முழங்கால் போட்டார். "ஆண்டவரே, எனக்குத் தெரியல" என்று அவர் சொன்னது எந்த ஜெபப் புத்தகத்திலும் இல்லாதது. சிமிழைத் திறந்து, சித்தியின் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

அடுத்து உள்ளங்கைகளில் பூசவேண்டும். வலது கை வியாதியில் மடங்கிக் கிடந்த கை. சித்தப்பா தொட்டதும் அது மெல்ல விரிந்துகொடுத்தது. பூசினார். இடது கையை எடுத்தார்கள். அது நோவு படாத கை. முட்டியாக இறுகி மூடியிருந்தது.

"கொஞ்சம் விரி" என்றார் சித்தப்பா அவள் காதருகே. "சாமி காத்திருக்காக."

ஒரு விரலைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். வரவில்லை. அடுத்த விரலைத் தொட்டுவிட்டு, விட்டுவிட்டார். கண்ணீரில் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. சாமியார் அந்த மூடிய முட்டியின் மேலேயே எண்ணெயைப் பூசினார். பூசிவிட்டு, பாவங்களை மன்னித்து ஆண்டவர் இந்த மகளை மீட்டு எழுப்புவாராக என்று சொல்லி நிறுத்தினார்.

நாங்கள் ஆமென் சொல்லவேண்டும். சித்தப்பா சொன்னார். பெண்களும் சொன்னார்கள். சாமியார் தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் விரியாத அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.